ஆனைமலையை மக்களுக்கு மூட வேண்டாம், வண்டிக்கு மூடுங்கள்

ஆழியாற்றங்கரை
ஞாயிறு, இரவு 8.40

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து பொள்ளாச்சி டீக்கடைகளில் இரண்டே பேச்சுதான். ‘மலை பிழைத்தது’ என்பவர்கள் ஒரு பக்கம், ‘எங்கள் பிழைப்பு போயிற்று’ என்பவர்கள் மறுபக்கம். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இ-பாஸ் வண்டிகளை எண்ணிக் கணக்கு வைக்கும். மேலே போன பின் அந்த வண்டியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ. கீழே அணை முழுவதும் தெரியும், மேலே பாறைச் சரிவில் வரையாடுகள் மேயும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர இந்த உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு, நம் மாநில விலங்கு. சென்ற வாரம் ஒரு பெட்டை வரையாடு குட்டியோடு கைப்பிடிச் சுவர் வரை இறங்கி வந்தது. காரில் வந்த ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினான். அது மூக்கை உள்ளே விட்டு உப்பை நக்கியது. பாக்கெட் மூக்கில் மாட்டிக்கொண்டது. தலையை உதறியது; கழலவில்லை. பிறகு பாறையில் தேய்த்துக் கழற்றியது. கீழே விழுந்த உறையைக் குட்டி வந்து நக்கத் தொடங்கியது. பையனின் அப்பா இவ்வளவையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாறையில் புல் மேய வேண்டிய விலங்கு உப்புக்காகத் தார்ச்சாலையில் நிற்கப் பழகினால், அடுத்து என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வளைவில் திரும்பும் வண்டிக்கு அது தெரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காட்டை மக்களுக்கு மூடக் கூடாது. பார்க்காத காட்டுக்காக யாரும் பரிந்து பேச மாட்டார்கள். ஆனால், வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் சொந்த வண்டி மலையடிவாரத்திலேயே நிற்க வேண்டும்: வால்பாறை வழியில் ஆழியாற்றில், காப்பகத்துக்குள் இருக்கும் டாப்சிலிப் வழியில் சேத்துமடையில். அங்கிருந்து பஸ். பஸ்ஸில் ஒரு வழிகாட்டி. நடக்க விரும்புகிறவர்களை அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அழைத்துச் செல்லட்டும். உங்கள் கருத்துகளை எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாகக் கொடுப்போம்.

கோவை புல்லட்
ஞாயிறு, இரவு 9.05

அண்ணா, கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். சிப்ஸ் கொடுத்தவரை விட்டுவிட்டு எல்லோருடைய வண்டியையும் நிறுத்தச் சொல்கிறீர்கள். டாப்சிலிப்புக்கு இருசக்கர வண்டியை ஏற்கெனவே விடுவதில்லை. வால்பாறைக்கும் இல்லை என்றால் எங்களுக்கு மிச்சம் எந்த மலை? நாங்கள் ஹாரன் அடிப்பதில்லை, குப்பை போடுவதில்லை. தவறு செய்கிறவருக்கு அபராதம் போடுங்கள். சாலை பொதுச் சாலை.

ஓய்வு வனக்காவலர்
ஞாயிறு, இரவு 9.50

தம்பி, அபராதம் பற்றிக் கேட்டதால் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 27, உட்பிரிவு 4: சரணாலயத்தில் காட்டு விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். சட்டம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆள்தான் இல்லை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி மட்டும் 958 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு காவலருக்கு எத்தனை மலை விழும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவரை நிறுத்தினால் தீ, வேட்டை, மரக்கடத்தல் எல்லாவற்றையும் யார் பார்ப்பது?

அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவையும் படியுங்கள். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி கொடுப்பதற்கான காரணங்களில் சுற்றுலாவும் ஒன்று என்று அதில் எழுதியிருக்கிறது. ஆகவே ‘காட்டில் மனிதனுக்கு என்ன வேலை’ என்று பேசுபவர்களின் வாதம் சட்டத்தில் நிற்காது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் தடை நீங்கியபோது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வந்தன: மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குப் போகக் கூடாது. அதாவது மனிதர்கள் வரலாம். எங்கே, எப்படி, எவ்வளவு என்பதுதான் கேள்வி. இழையைத் தொடங்கியவர் ‘எப்படி’ என்பதைப் பிடித்திருக்கிறார். அது சரியான இடம்.

கூழாங்கல் ஆறு
ஞாயிறு, இரவு 10.20

வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வால்பாறை சரணாலயம் இல்லை, ஊர். காடு சுற்றிலும் இருக்கிறது, நடுவில் நாங்கள் இருக்கிறோம். அந்த 40 வளைவுச் சாலை உங்களுக்குச் சுற்றுலாச் சாலை. எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் மளிகைக்கும் போகிற சாலை. பொள்ளாச்சிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். ‘வண்டிக்கு மூடுங்கள்’ என்று தலைப்பிலேயே போட்டால் எங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ஆனாலும், சுற்றுலா வண்டிகள் செய்வதை நாங்கள்தான் தினமும் பார்க்கிறோம். இங்கே யானை எங்கே நிற்கிறது என்பதை மாலையில் செல்பேசிக் குறுஞ்செய்தியாகவும், உயரமான இடங்களில் எரியும் சிவப்பு விளக்காகவும் அறிந்துகொள்கிறோம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஏற்படுத்திய ஏற்பாடு இது. அதற்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கள் ஆட்கள் அந்த வழியே போக மாட்டார்கள், எஸ்டேட் பஸ்ஸும் நின்றுவிடும். வெளியூர் வண்டிக்கு அந்த விளக்கு என்னவென்றே தெரியாது. யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கேதான் போகிறார்கள். ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரன் அடித்து விரட்டுகிறார்கள். விரட்டப்பட்ட யானை எங்கே போகும்? எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் பாடி வீடுகள் பக்கம்தான் இறங்கும். ரேஷன் கடைக் கதவு உடைந்தால் அரிசி இல்லாமல் போவது எங்களுக்கு.

2025 பிப்ரவரியில் இந்தச் சாலையில் யானை நின்றது. இரு பக்கமும் வண்டிகள் காத்திருந்தன. பைக்கில் வந்த ஜெர்மனி நாட்டுப் பெரியவர் ஒருவர் கடந்து போனார். யானை தாக்கி இறந்தார். பாவம், அந்த ஊர்க்காரருக்கு நம் யானையின் நிற்கும் தோரணை எப்படிப் புரியும்? பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்.

கோவை புல்லட்
ஞாயிறு, இரவு 10.31

அக்கா சொன்ன கடைசிச் செய்தி எனக்கும் தெரியும். எங்கள் குழுவில் அன்று யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஆழியாற்றங்கரை
ஞாயிறு, இரவு 10.45

அம்மணி, வால்பாறை மக்களின் வண்டியையோ, எஸ்டேட் வண்டியையோ, ஆம்புலன்ஸையோ, சரக்கு வண்டியையோ நான் சொல்லவே இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் சொந்த வண்டியை மட்டும்தான். இ-பாஸுக்காக எப்படியும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். எது ஊர் வண்டி, எது சுற்றுலா வண்டி என்று அங்கேயே பிரித்துவிடலாம்.

தாளவாடி உழவன்
திங்கள், காலை 6.15

நாங்கள் இதில் அடிபட்டவர்கள் என்பதால் சொல்கிறேன். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்தை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நிறுத்தினார்கள். 27 வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை. சிறுத்தையும் மானும் வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் முதலில் மாலை 6 மணிக்கே கேட்டை மூடியபோது எங்கள் தக்காளியும் முட்டைக்கோசும் மூட்டையிலேயே வாடின. மறியல் செய்தோம், கடையடைத்தோம். பிறகு நீதிமன்றம் கேட்டது. சிறிய வண்டிகளுக்கு இரவு 9 மணி வரை நேரம் நீண்டது. உள்ளூர் மக்களுக்கு விலக்கு கிடைத்தது.

இன்று அந்தத் தடையை எதிர்த்துப் பேசுபவர்கள் எங்கள் ஊரிலேயே குறைந்துவிட்டார்கள். முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் இத்தனை சண்டை வந்திருக்காது. 2013-இல் புலிகள் காப்பகமாகி, 2022-இல் புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்கான டிஎக்ஸ்2 விருதும் சத்திக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனைமலையில் எதைச் செய்தாலும் உள்ளூர் விலக்கை முதல் வரியில் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் இல்லை.

சேத்துமடை வேன்
திங்கள், காலை 7.40

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், வண்டி ஓட்டுகிறவன் ஒருவன் எழுத வேண்டாமா? பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப்புக்கும் பரம்பிக்குளத்துக்கும் வாடகை வேன் ஓட்டுகிறேன். சித்திரை விடுமுறையும் பொங்கலும் தீபாவளியும்தான் எங்களுக்கு அறுவடை. மற்ற மாதங்களில் தவணை கட்டவே மூச்சு முட்டும். ‘சொந்த வண்டி நிற்க வேண்டும், பஸ் போக வேண்டும்’ என்றால் நான் எங்கே போவது?

கோபத்தில் எழுதவில்லை, ஒரு வழியும் சொல்கிறேன். வெளியூர்க் காரை சேத்துமடையில் நிறுத்துங்கள், சரி. அங்கிருந்து மேலே போவதை அரசு பஸ்ஸுக்கு மட்டும் கொடுக்காமல், உள்ளூர் ஸ்டாண்டு வண்டிகளுக்கும் முறை வைத்துக் கொடுங்கள். கட்டணத்தை வனத்துறை நிர்ணயிக்கட்டும். எங்களுக்கு வேகக் கட்டுப்பாடு போடுங்கள், ஹாரனைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், செய்கிறோம். அந்தப் பாதையில் எந்தத் திருப்பத்தில் காட்டு மாடு படுத்திருக்கும், எந்தப் பள்ளத்தில் யானை தண்ணீருக்கு இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து கண் செருகுகிறவருக்குத் தெரியாது. காட்டு மாடு சாலையில் நின்றால் நாங்கள் இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருவோம். அது மெல்ல மெல்லப் போகும். பின்னால் வந்த கார் விலக்கிக்கொண்டு முன்னால் பாயும். இதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

ஓய்வு வனக்காவலர்
திங்கள், காலை 8.10

இவர் சொன்ன முறைவைப்பு நல்ல யோசனை. இதை மனுவில் சேர்க்க வேண்டும்.

கோழிகமுத்திப் பிள்ளை
திங்கள், பகல் 1.30

டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி யானை முகாம் குடியிருப்பில் பிறந்தவன் நான். மலைமலசர் பழங்குடி. எங்கள் வீட்டில் யானைப் பாகர்களான மாவுத்தர்களும், அவர்களுக்கு உதவியாளர்களான காவடிகளும் தலைமுறையாக இருக்கிறார்கள். கும்கி யானை கலீம் 2023-இல் பணி ஓய்வு பெற்றபோது அதிகாரிகள் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினார்கள். எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். கலீமைக் குளிப்பாட்டி, அதன் காலில் முள் தைத்தால் எடுத்து, மதம் பிடித்த நாட்களில் தூரத்தில் நின்று சோறு தள்ளியவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களுக்கும் அந்த மரியாதையில் பாதி உண்டு.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று எங்கள் ஆட்கள் காப்பகம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறோம். ஆனைமலை சரணாலயம் ஆனது 1976-இல், புலிகள் காப்பகம் ஆனது 2007-இல். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எங்களுக்கு உரிமையைச் சட்டமாகவே தந்தது. அப்படியிருந்தும் தேன் எடுக்கப் போகும்போது என் சித்தப்பாவை நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு கார் பாட்டுச் சத்தத்தோடு போகும். இது எங்களுக்கு வலிக்கிறது.

வழிகாட்டி வேலை பற்றி. என் தங்கை மகன் அந்த வேலைதான் செய்கிறான். நடக்கும்போது முன்னால் போவான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்ப்பான். யானைச் சாணம் கிடந்தால் புறங்கையை வைத்து எவ்வளவு சூடு என்று பார்ப்பான். சூடு இருந்தால் அந்தப் பாதையை விட்டுவிட்டு எல்லோரையும் திருப்புவான். சிலர் அவனிடம் சண்டை போடுகிறார்கள்: ‘காசு கட்டியிருக்கிறோம், யானையைக் காட்டாமல் திருப்புகிறாயே.’ வழிகாட்டி திரும்பு என்றால் திரும்ப வேண்டும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். பஸ்ஸோ வேனோ எதுவானாலும் சரி, எங்கள் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். வருகிறவர் தரும் பத்து இருபதை எதிர்பார்த்து நிற்கக் கூடாது.

இருவாச்சி
திங்கள், மாலை 5.20

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், பறவைகள் பார்ப்பதில் ஈடுபாடு. கோழிகமுத்தி அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். சாணத்தின் சூட்டைப் பார்த்துத் திருப்பும் ஒருவரோடு நடப்பதைவிடக் காட்டில் வேறென்ன அனுபவம் வேண்டும்!

டாப்சிலிப்பில் காரிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? சாலையோரம் பெரும்பாலும் தேக்கு. நட்ட தேக்கு. மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. வெட்டி வெட்டி மலை மொட்டையானபோது ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி வந்து மறுபடி மரம் வளர்த்தார். நடக்கும்போது கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1933-இல் இறந்தார், அவர் ஆசைப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் கல்லறை. ‘என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார்’ என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறது. பெரிய மனிதர், எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் தேக்குத் தோப்பு வேறு, காடு வேறு.

அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது இயற்கைக் காடான கரியன் சோலை. அக்காமலைப் புல்மேடும் கரியன் சோலையும் 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடங்கள். தேக்கிலிருந்து சோலைக்குள் கால் வைத்தவுடன் வெளிச்சம் குறையும், தோலில் குளிர்ச்சி தட்டும், காலடியில் சருகுச் சத்தம் நின்று ஈரம் தொடங்கும். வண்டியில் போகிறவருக்கு இந்த எல்லை தெரியவே தெரியாது. மேலே இருவாச்சிப் பறவை பறந்தால் முதலில் காதில்தான் விழும். இறக்கை வீச்சின் ஓசை அவ்வளவு பெரிது. இன்ஜின் ஓடும் வண்டிக்குள் அது கேட்காது.

இருவாச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது விவாதத்துக்குத் தேவை. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் விடும். அதன் வழியே ஆண் பறவை அத்திப்பழத்தைக் கொண்டுவந்து ஊட்டும். குஞ்சு பொரித்து வளரும் வரை உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஒரு பறவைதான் கதி. கூட்டுமரத்தின் கீழே ஒரு கும்பல் கேமராவோடு நின்றால் ஆண் பறவை வரத் தயங்கும், தள்ளியிருக்கும் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே பட்டினி. எனவே நடப்பவர்களுக்கும் விதி வேண்டும். நடந்து போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கூடு கட்டும் காலத்தில் எந்தப் பாதையை மூட வேண்டும் என்பதை காடர் வழிகாட்டிகளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கூட்டுமரங்களை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை.

காரமடை
திங்கள், இரவு 7.55

நம் மாவட்டத்திலேயே நடக்கிற ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறோமே! பரளிக்காடு. பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் பரிசல். வனத்துறையும் இருளர் கிராமத்து மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்பதிவு இல்லாமல் போக முடியாது, கூட்டமும் அளவோடுதான். பரிசல் தள்ளுகிறவர்கள் அந்த ஊர் ஆட்கள், மதியச் சாப்பாடு சமைப்பது அந்த ஊர்ப் பெண்கள். களியை உருட்டி வாழை இலையில் வைத்துக் குழம்பை ஊற்றும்போது கோவையிலிருந்து வந்த குழந்தைகளே இரண்டாவது முறை கேட்கின்றன. பிறகு அத்திக்கடவுப் பக்கம் ஆற்றில் குளியல். வண்டி ஊர்வலம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தள்ளுவண்டிக் கடை இல்லை. வருகிறவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனைமலையில் இதைச் செய்ய முடியாது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

கோவை புல்லட்
திங்கள், இரவு 9.15

காரணம் சொல்கிறேன் அண்ணா. பரளிக்காடு சிறிய இடம். வால்பாறைக்கு விடுமுறை நாளில் வருகிற கூட்டத்துக்கு எத்தனை பஸ் வேண்டும்? பஸ் இல்லாமல் ஆழியாற்றில் குழந்தைகளோடு வெயிலில் நிற்கவைத்தால் ஒரே மாதத்தில் திட்டம் செத்துவிடும். டாப்சிலிப்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஏற்கெனவே ஒரே வாசல்தான், பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளம் போகும் பஸ்ஸும் அந்த வழியேதான் போகிறது. அங்கே நடந்து காட்டிய பிறகு வால்பாறைக்கு வாருங்கள். அப்படியென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நடைப்பயணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது, மாநிலம் முழுவதும் 40 தடங்கள். ஆழியாறு கால்வாய்க் கரைத் தடம் சுலபமானது, வீட்டில் பெரியவர்களையும் அழைத்துச் செல்லலாம். டாப்சிலிப்–பண்டாரவரை சற்றுக் கடினம். இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டணம் என் போன்றவர்களுக்குத் தாங்கும். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு? உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக்க வேண்டும். சேத்துமடையில் பிறந்த ஒரு குழந்தை டாப்சிலிப்பைப் பார்க்காமலே வளர்வது அநியாயம்.

சேத்துமடை வேன்
திங்கள், இரவு 9.22

தம்பி, இந்த ஒரு வரிக்கே உங்களுக்கு என் வேனில் எப்போதும் இடம் உண்டு.

இருவாச்சி
திங்கள், இரவு 9.40

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடிவிடுகிறார்களே, அது பற்றிப் பலருக்குக் கோபம். ‘விடுமுறை தொடங்கும்போதுதானா மூடுவது’ என்று என் தோழிகளே கேட்கிறார்கள். வனக்காவலர் ஐயா விளக்க வேண்டும்.

ஓய்வு வனக்காவலர்
செவ்வாய், காலை 5.50

விளக்குகிறேன் அம்மணி. குரங்கணியை மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11. தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன.

மார்கழி முடிந்ததும் தேக்கு இலை உதிர்க்கும். ஒவ்வொரு இலையும் முறம் அகலம். தரை முழுவதும் மூடிக்கிடக்கும். காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். தை மாதமே தீத்தடுப்புக் கோடு வெட்டி, சருகை ஒதுக்கி, இரவு பகலாக ஆட்கள் காவல் இருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு பீடித்துண்டு போதும். மலையில் தீ மேல்நோக்கி ஓடும், மனிதனும் பயத்தில் மேல்நோக்கித்தான் ஓடுவான். தீயை ஓடி ஜெயித்தவன் இல்லை. அணைக்கப் போவது தண்ணீர் வண்டி இல்லை. பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அடிக்கிற எங்கள் ஆட்கள். கை மயிர் கருகி, இரண்டு நாள் சோறு இல்லாமல் இறங்கி வருவார்கள். அவர்களுக்காகவாவது அந்த இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். சில தனியார் தங்கும் இடங்களில் காட்டோரத்தில் இரவு நெருப்பு மூட்டி ஆடுவதை இந்தக் காலத்திலும் நிறுத்துவதில்லை. அதையும் மனுவில் எழுத வேண்டும்.

கூழாங்கல் ஆறு
செவ்வாய், காலை 8.30

குப்பை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. உள்ளே குட்டியும் இருந்தது. நம் ஊர்க் குப்பை மேட்டில் தின்றது அது. இதைப் படித்த பிறகு எனக்குப் பல நாள் மனது சரியில்லை.

வெள்ளிங்கிரி ஏறுகிறவர்களின் பையை அடிவாரத்தில் சோதித்தே அனுப்புகிறார்கள்; பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வைக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அதை ஏற்றுக்கொள்ளும்போது சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஏன் ஏற்கக் கூடாது? பஸ்ஸில் போனால் இது இன்னும் சுலபம். ஏறும்போதே பை சோதனை முடிந்துவிடும். சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்து வரட்டும். நம் அரிசிம்பருப்பு சாதத்தைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு வந்தால் மதியம் வரை கெடாது, உறையும் இல்லை, குப்பையும் இல்லை. முன்பெல்லாம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த விருந்தாளிகள் அப்படித்தான் வந்தார்கள்.

ஆழியாற்றங்கரை
செவ்வாய், இரவு 8.00

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஆனைமலைப் புலிகள் காப்பகக் கள இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாசகம் இது:

“உள்ளூர் மக்கள், எஸ்டேட் தொழிலாளர்கள், பழங்குடிக் குடியிருப்புகள், ஆம்புலன்ஸ், சரக்கு வண்டிகள் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் கூடாது. முதல் கட்டமாக, வார இறுதியிலும் விடுமுறையிலும் டாப்சிலிப்புக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் சொந்த வண்டிகளைச் சேத்துமடையில் நிறுத்தி, அரசு பஸ்ஸிலும், முறைவைப்பில் உள்ளூர் வாடகை வண்டிகளிலும் அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் பழங்குடி வழிகாட்டி ஒருவர், மாதச் சம்பளத்தில். வழிகாட்டியின் சொல்லே இறுதி என்று டிக்கெட்டில் அச்சிட வேண்டும். கூடு கட்டும் காலத்திலும் தீக்காலத்திலும் மூட வேண்டிய பாதைகளைப் பழங்குடி மக்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். காட்டோரத் தங்கும் இடங்களில் நெருப்பு மூட்டுவதைத் தடுக்க வேண்டும். உள்ளூர் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் கூடாது. வால்பாறைச் சாலையில் வரையாடு நிற்கும் வளைவுகளில் வண்டி நிறுத்துவதை இப்போதே தடை செய்ய வேண்டும். காவலுக்கு உள்ளூர் இளைஞர்களை நியமிக்க வேண்டும்.”

புலிகள் காப்பகத்துக்கென்று சட்டப்படி அறக்கட்டளை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் அதற்குப் போகிறது. சம்பளத்துக்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கோழிகமுத்திப் பிள்ளை
செவ்வாய், இரவு 8.35

‘பழங்குடி மக்களோடு பேசி’ என்பதை ‘கிராம சபையின் ஒப்புதலோடு’ என்று மாற்றுங்கள் அண்ணா. பேசிவிட்டோம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கிராம சபைத் தீர்மானம் என்றால் காகிதத்தில் இருக்கும்.

ஆழியாற்றங்கரை
செவ்வாய், இரவு 8.38

மாற்றிவிட்டேன்.

இருவாச்சி
செவ்வாய், இரவு 8.50

சேத்துமடையில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், பஸ்ஸுக்குக் காத்திருக்க நிழலும் வேண்டும். இதை எழுதாவிட்டால் குடும்பங்கள் பஸ்ஸுக்கு வர மாட்டார்கள், காரைத்தான் கேட்பார்கள்.

கூழாங்கல் ஆறு
செவ்வாய், இரவு 9.05

கடைசி வண்டியையும் கவனியுங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே எல்லோரும் கீழே இறங்கியிருக்க வேண்டும். மாலை நேரம் யானைகளுடையது.

சேத்துமடை வேன்
செவ்வாய், இரவு 9.20

கடைசி வண்டி டாப்சிலிப்பிலிருந்து மாலை 4.30-க்குக் கிளம்ப வேண்டும் என்று போடுங்கள். 5 மணி என்று போட்டால் ஐந்தரை ஆகிவிடும், எங்கள் அனுபவம். மற்ற நேரங்களை ஸ்டாண்டில் பேசி நாளை எழுதித் தருகிறேன். எங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.